குட்டைக் கொலம்பைன்: உயரம் கூடாமல், அழுகாமல் வளர்ப்பது எப்படி? (விவாத இழை)

#1 புதுநாற்று

கொலம்பைன் என்கிற அக்விலீஜியா பூச்செடியின் குட்டை ரகங்களைப் பற்றிய விவரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று இந்த இழை. என் பக்கத்துக் கேள்விகள் நான்கு.

அட்டையில் 20 செ.மீ. என்று போட்ட செடி அடுத்த வருடம் இரண்டு மடங்கு நெட்டையாவது ஏன்? விதைப் பொட்டலத்தை ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் வைத்தும் முளைக்காதது ஏன்? தொட்டிக்கு எது, நிலத்துக்கு எது? இலையில் வெள்ளைப் பேனாவால் கிறுக்கினது மாதிரி கோடு விழுகிறதே, அது நோயா, பூச்சியா?

#2 ஆணிவேர்

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விதையைப் பற்றி விதைப்பேழை வந்து எழுதுவார்.

"குட்டை" என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு வேறு செடிகளை விற்கிறார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

முதலாவது, பிறவிக் குட்டை. ஜப்பான், கொரியா பக்கத்து அக்விலீஜியா ஃபிளாபெல்லாட்டாவின் பியூமிலா வடிவம் இதற்கு நல்ல உதாரணம். பூத்தண்டோடு சேர்த்தே 15 முதல் 20 செ.மீ.தான். 'மினிஸ்டார்', 'கேமியோ' இரண்டும் இந்த வழியில் வந்தவை. வட அமெரிக்காவின் கனடென்சிஸ் இனத்தில் 'லிட்டில் லான்டர்ன்ஸ்' சுமார் 25 செ.மீ. ராக்கி மலையின் சாக்சிமான்டானா 10 முதல் 20 செ.மீ. இவற்றை எங்கே நட்டாலும் ஓரளவு குட்டையாகவே நிற்கும்.

இரண்டாவது, தோட்டத்துக்கென்று தேர்ந்தெடுத்த கச்சித ரகங்கள். 'விங்கி' 35 முதல் 40 செ.மீ., பூ மேல்நோக்கிப் பார்க்கும். 'ஓரிகாமி'யும் கிட்டத்தட்ட அதே உயரம், வால் (பூவின் பின்பக்கம் நீளும் தேன்குழல்) நீண்ட பூ. 'பீடர்மையர்' பழைய கலவை, சுமார் 40 செ.மீ. ஒரு மீட்டர் போகிற சாதாரணக் கொலம்பைனோடு ஒப்பிட்டால்தான் இவை குட்டை. நிழலும் உரமும் கூடினால் இன்னும் 10 செ.மீ. சுலபமாக ஏறும்.

மூன்றாவது, மருந்தால் குட்டையானவை. பூத்த தொட்டியாக விற்கும் செடிகளுக்கு டாமினோசைடு, பாக்லோபுட்ரசால் போன்ற வளர்ச்சி ஒடுக்கிகளை அடிப்பது வணிக நாற்றங்கால்களில் சாதாரண வேலை. செடியை நீட்டுகிற ஹார்மோனான ஜிப்ரலின் உள்ளே உருவாவதை அது தடுக்கும்; கணு இடைவெளி சுருங்கும். அந்த மருந்தின் வேகம் அந்தப் பருவத்தோடு சரி. அடுத்த வருடம் செடி தன் சொந்த உயரத்துக்குப் போய்விடும். நீங்கள் சொன்ன 20 செ.மீ. செடி பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும்.

வாங்கும்போது அட்டையில் உயரத்தைப் பார்க்காதீர்கள், ரகத்தின் பெயரைப் பாருங்கள். "கொலம்பைன், கலவை நிறம்" என்று மட்டும் இருந்தால் அது எவ்வளவு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

#3 கூழாங்கல்

மேலே சொன்னதோடு ஒன்று. பட்டியலில் போடுகிற உயரம் பூத்தண்டோடு சேர்த்த உயரம். இலைப்புதர் அதில் பாதிதான், சில சமயம் அதைவிடக் குறைவு. 'விங்கி' 40 செ.மீ. என்றால் பூ இல்லாத மாதங்களில் கண்ணுக்குத் தெரிவது 15, 20 செ.மீ. புதர்தான். வரப்பு ஓரத்தில் நடுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கணும். பூ முடிந்ததும் முன்வரிசை திடீரென்று காலியான மாதிரி தெரியும்.

#4 விதைப்பேழை

ஃப்ரிட்ஜ் கேள்விக்கு வருகிறேன். உலர்ந்த பொட்டலத்தை ஃப்ரிட்ஜில் வைப்பது சேமிப்பு; அதனால் விதை கெடாமல் இருக்கும், அவ்வளவுதான். குளிர் நேர்த்தி என்பது வேறு. விதை தண்ணீர் குடித்து ஊறிய நிலையில் குளிரில் இருக்க வேண்டும். கொலம்பைன் விதை செடியிலிருந்து உதிரும்போது உள்ளே கரு முழுதாக வளர்ந்திருக்காது. ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் உறக்கம் கலையும், கரு வளர்ந்து முடியும். உலர்ந்த விதைக்கு ஒரு வருடம் குளிர் கொடுத்தாலும் உள்ளே எதுவும் நகராது. உறைபெட்டியில் போடுவதும் வீண்.

செய்முறை:

சலித்த கோகோபீட் (தென்னைநார்க் கழிவு) 2 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைத் துகள்) அல்லது பருமணல் 1 பங்கு. உரம் வேண்டாம். கலவையை நனைத்து கைப்பிடிக்குள் அழுத்திப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். 7, 8 செ.மீ. ஆழமுள்ள சின்னத் தொட்டியில் நிரப்பி, மேலே விதையைத் தூவி, தட்டையான எதையாவது வைத்து மெல்ல அழுத்துங்கள். மண் போட்டு மூடாதீர்கள். இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். 'மூடாவிட்டால் காய்ந்துவிடுமே' என்று பயந்தால் பெர்லைட் துகளை ஒரு மில்லிமீட்டர் தூவலாம், அதுக்கு மேலே வேண்டாம். தொட்டியை ஜிப்லாக் பைக்குள் வைத்து 4, 5 டிகிரியில் 3 முதல் 4 வாரம். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் காற்றாட விடுங்கள்.

பிறகு 18 முதல் 21 டிகிரி, நல்ல வெளிச்சம், நேர்வெயில் வேண்டாம். நல்ல விதை 3, 4 வாரத்தில் தலைகாட்டும். சில விதை 3 மாதம்கூட எடுத்துக்கொள்ளும். 24 டிகிரிக்கு மேல் போனால் முளைப்பு குறையும். நாற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று சூடேற்றும் பாயின் மேல் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

குட்டை ரகத்திலும் எல்லாமே ஒன்றல்ல. 'ஓரிகாமி' மாதிரியான எஃப்-1 (முதல் தலைமுறைக் கலப்பின) ரகங்களுக்குக் குளிர் நேர்த்தி இல்லாமலே முளைப்பு நன்றாக இருக்கும். ஃபிளாபெல்லாட்டாவுக்குக் குளிர் கொடுத்தால் முளைப்பு சீராக வரும். சாக்சிமான்டானா, பெர்டோலோனி, ஜோன்சி போன்ற மலைப்பாறை இனங்களுக்கு 8 முதல் 12 வாரம் கொடுங்கள். அதன் பிறகும் பாதி முளைத்து, மீதி அடுத்த வசந்தத்தில் வரலாம். தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

#5 மாடித்தொட்டி

ஜிப்ரலிக் அமிலத்தில் ஊற வைத்தால் குளிரே வேண்டாம் என்கிறார்களே?

#6 விதைப்பேழை

வேலை செய்யும். 10 மி.கி. தூளை முதலில் சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்து (தண்ணீரில் நேரடியாகச் சரியாகக் கரையாது) 100 மி.லி. தண்ணீரில் சேர்த்தால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு). 24 மணி நேரம் ஊறினால் போதும். ஆனால் ஆணிவேர் மேலே சொன்னதைக் கவனித்தீர்களா? செடியை நீட்டுகிற அதே பொருள்தான் இது. அளவு கூடினால் நாற்று வெளுத்து, கழுத்து நீண்டு சாயும். குட்டைச் செடிக்காக இவ்வளவு மெனக்கெட்டு, முதல் நாளே அதை நீட்டிவிடுவானேன்? ஃப்ரிட்ஜில் ஓர் ஓரம் இருந்தால் ஃப்ரிட்ஜ்தான் நல்லது. குளிருக்கும் மசியாத மலை இனங்களுக்கு மட்டும் இதை எடுங்கள்.

#7 புதுநாற்று

தெளிவாகிவிட்டது. முளைத்த பிறகு எப்போது பிரித்து நடுவது?

#8 ஆணிவேர்

முதலில் வரும் இரண்டு விதையிலைகள் முட்டை வடிவம். அதற்குப் பிறகு வருவது மூன்று மடலாக வெட்டுப்பட்ட இலை. அப்படி இரண்டு இலை வந்ததும் பிரித்துவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். மேலே நகத்தளவு இலை இருக்கும்போதே கீழே வேர் விரல் நீளம் போயிருக்கும். ஆணிவேர்ச் செடி இது, அந்த வேரின் நுனி முறிந்தால் செடி சாகாது, ஆனால் ஒரு மாதம் அப்படியே நின்றுவிடும்.

ஒரு நாற்றுக்கு 9 செ.மீ. தொட்டி ஒன்று. ஆழமான குழித்தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். தண்டு நசுங்கினால் அங்கேயே அழுகும். நட்ட பிறகு விதையிலை மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். தக்காளி நாற்று மாதிரி கழுத்துவரை புதைக்கக் கூடாது.

நாற்று கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், 20 நிமிடத்தில் மீதியைக் கொட்டுங்கள். மேல்மண் நிறம் வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர்.

#9 கூழாங்கல்

தொட்டி விஷயம்.

பியூமிலா அளவுச் செடி ஒன்றுக்கு 15 செ.மீ. வாய், 15 முதல் 18 செ.மீ. ஆழம். 'விங்கி', 'ஓரிகாமி' என்றால் வாய் 20, ஆழம் 20. அகலத்தில் சமரசம் செய்யலாம், ஆழத்தில் கூடாது. அழகாக இருக்கிறதே என்று தட்டையான கிண்ணத் தொட்டியில் நட்டால் வேர் அடியில் சுருண்டு, இரண்டாம் வருடம் பூ பாதியாகும்.

கலவை: நல்ல தொட்டிக் கலவை 2 பங்கு, பெர்லைட் 1 பங்கு, 3 முதல் 6 மி.மீ. சன்னச் சரளை 1 பங்கு. அமில காரத் தன்மை 6-லிருந்து 7-க்குள் இருந்தால் போதும். மலைப்பாறை இனங்களுக்குச் சரளை மட்டுமே பாதி.

#10 மாடித்தொட்டி

தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டுவிட்டால் வடிகால் கிடைத்துவிடுமே. கலவையில் எதற்கு இவ்வளவு சரளை?

#11 கூழாங்கல்

இது ரொம்ப நாளாக எல்லாரும் சொல்லி வருகிற தவறு. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சன்னத் துகள் கலவையிலிருந்து பருத்த ஜல்லிக்குத் தண்ணீர் தானாக இறங்காது. மேலே உள்ள கலவையின் அடிப்பகுதி முழுக்க ஊறி நிரம்பிய பிறகே ஜல்லிக்குள் சொட்டும். அந்த ஊறிய பட்டை எல்லாத் தொட்டியிலும் உண்டு. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவு. ஜல்லி போடும்போது அந்தப் பட்டை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஏறி, வேர் இருக்கிற இடத்துக்கே வந்துவிடுகிறது. 15 செ.மீ. தொட்டியில் 5 செ.மீ. ஜல்லி என்றால் வேருக்கு மிச்சம் 10 செ.மீ., அதிலும் கீழ்ப்பாதி எப்போதும் ஈரம். ஓட்டையை மண் அடைக்காமல் இருக்க ஒரு துண்டு வலை போதும். சரளை கலவைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

#12 மாடித்தொட்டி

ஏற்கிறேன். ஜல்லிக்குக் கூழாங்கல்லே எதிர்ப்பு என்றால் வேறென்ன சொல்ல!

#13 ஆணிவேர்

நிலத்தில் நடுகிறவர்களுக்கு.

இடைவெளி பியூமிலாவுக்கு 20 செ.மீ., மற்ற கச்சித ரகங்களுக்கு 30. குளிர்ந்த இடமென்றால் அரை நாள் வெயில் தாங்கும். கோடை கொளுத்தும் இடமென்றால் காலை வெயில் 3, 4 மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல். இலையுதிர் மரத்தடி நல்ல இடம்: வசந்தத்தில் மரம் துளிர்க்கும் முன் வெயில் விழும், கோடையில் நிழல் இருக்கும். முழு நிழல் வேண்டாம். இலைக்காம்பு வெளிச்சத்தைத் தேடி நீளும், புதர் வாய் பிளந்த மாதிரி விரியும், "குட்டை" என்ற பேரே போய்விடும்.

நடும்போது பார்க்க வேண்டிய ஒரே இடம் வேர்க்கழுத்து, அதாவது இலைக்காம்பெல்லாம் வந்து கூடும் முடிச்சு. அது மண்மட்டத்துக்கு அரை செ.மீ. மேலே நிற்கட்டும். மண் படியும்போது சமமாகிவிடும். கீழே போனால் அந்த முடிச்சில் தண்ணீர் தங்கும். கோடையில் நன்றாக இருந்த செடி குளிர்காலம் முடிந்து துளிர்க்காமல் போனால் தோண்டி முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். பழுப்பாகக் குழைந்து நாற்றம் வந்தால் போய்விட்டது. பெரும்பாலும் பனி கொன்றிருக்காது. தேங்கிய ஈரம் கொன்றிருக்கும்.

களிமண் என்றால் மேட்டுப்பாத்தி 10, 15 செ.மீ. போடுங்கள். மூடாக்கு (மண்மேல் சருகுப் போர்வை) போடலாம், ஆனால் முடிச்சைச் சுற்றி நாலு விரல் விட்டுவிடுங்கள். அந்த வட்டத்தில் சன்னச் சரளை ஒரு செ.மீ. பரப்பினால் கழுத்து உலர்ந்திருக்கும், நத்தையும் கொஞ்சம் தயங்கும்.

உரம்: வசந்தத்தில் துளிர் வரும்போது மட்கிய உரம் 2 செ.மீ. கனத்துக்கு ஒரு வளையம். அவ்வளவுதான். தொட்டியில் எல்லாச் சத்தும் சமமாக உள்ள திரவ உரத்தைப் பாதி வலுவில் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, மொட்டுத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து கூடினால் இலை பெருக்கும், தண்டு நீளும், அசுவினியும் தேடி வரும். இந்தச் செடியைக் கொஞ்சம் பசியில் வைத்திருக்க வேண்டும்.

#14 புதுநாற்று

நாற்றுக்கு ஆறு மாதம் ஆகி, இலை செழிப்பாக இருந்தும் பூவே வராவிட்டால் என்ன குறை?

#15 விதைப்பேழை

பெரும்பாலும் குறை எதுவும் இருக்காது, குளிர்தான் பாக்கி. கொலம்பைனுக்குப் பூ பிடிக்க இரண்டு படி. முதலில் செடி பிள்ளைப் பருவத்தைத் தாண்ட வேண்டும். பல ரகங்களுக்குப் பன்னிரண்டு இலையாவது வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 5 டிகிரியை ஒட்டிய குளிரில் 8 முதல் 12 வாரம். நாலு இலை நாற்றுக்கு எவ்வளவு குளிர் கொடுத்தாலும் அது கணக்கில் சேராது.

அதனால் கோடை நடுவில் விதைத்து, இலையுதிர் காலத்தில், கடுங்குளிருக்கு 6 வாரம் முன்பாவது நட்டு, வேர் பிடிக்க விட்டால் அடுத்த வசந்தத்தில் பூ. வசந்தத்தில் விதைத்தாலும் பூ வருவது அதே அடுத்த வசந்தம்தான். 'ஓரிகாமி' இதற்கு ஓரளவு விலக்கு. சீக்கிரம் விதைத்தால் முதல் வருடமே சில பூ காட்டும்.

குளிரே இல்லாத இடத்தில் வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரவும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் இது பல்லாண்டுச் செடியாக நிற்காது. குளிர் முடித்து மொட்டோடு வரும் செடியை, இருப்பதிலேயே குளிர்ச்சியான மாதங்களில் வைத்து, ஒரு பருவப் பூச்செடியாகப் பார்த்துக்கொள்வதுதான் நடக்கும்.

#16 பூதக்கண்ணாடி

நான்காவது கேள்விக்கு இப்போதுதான் இடம் கிடைத்தது.

வெள்ளைக் கிறுக்கல் நோயல்ல. இலைத்துளைப்பான், பைட்டோமைசா வகைச் சிறு ஈயின் புழு. ஈ இலையில் முட்டையிடும். புழு மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் உள்ள பச்சையைத் தின்றுகொண்டே போகும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். ஆரம்பம் நூல் மாதிரி மெல்லியது, போகப் போக அகலம். அகலமான முனையில் மங்கலான பழுப்பு மஞ்சள் புள்ளி தெரிந்தால் அதுதான் புழு, உள்ளேயே இருக்கிறது. இரண்டு விரலால் அந்த இடத்தை நசுக்கினால் கதை முடிந்தது. புள்ளி இல்லையென்றால் ஏற்கெனவே வெளியேறிவிட்டது.

வேப்பெண்ணெய் அடித்துப் பயனில்லை. புழு தோலுக்கு அடியில் இருக்கிறது, மருந்து மேலேயே நின்றுவிடும். செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்து தேனிலும் போய்ச் சேரும். வாலெல்லாம் தேன் நிறைந்த பூ இது, தேனீக்கும் கேடு. கோடு விழுந்தால் செடி சாகாது, பார்க்க அசிங்கம், அவ்வளவே. முதலில் கோடு விழுந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். பூ முடிந்ததும் மொத்த இலையையும் தரையிலிருந்து 3 செ.மீ. விட்டு வெட்டிவிட்டால் சில வாரத்தில் புதுப் புதர் சுத்தமாக வரும். வெட்டிய பிறகு ஒரு நல்ல தண்ணீர் கொடுங்கள். வறட்சியில் வாடியிருக்கும் செடியை மட்டும் வெட்டாதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது ரம்ப ஈயின் புழுவுக்கு. இலையின் அதே பச்சை, ஒரு செ.மீ. சொச்சம் நீளம், இலை விளிம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். ஓரத்திலிருந்து தின்று நடு நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். சின்னப் புதரென்றால் மூன்று நாலு நாளில் குச்சிதான் மிஞ்சும். பலர் இதை வண்ணத்துப்பூச்சிப் புழு என்று நினைத்து 'பிடி' (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற பாக்டீரியா மருந்தைத் தெளிக்கிறார்கள். தோட்டத்துக்கு வழக்கமாக விற்கும் வகை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களை மட்டுமே கொல்லும், ரம்ப ஈ புழுவை ஒன்றும் செய்யாது. லென்ஸ் வைத்து வயிற்றுப் பக்கத்தில் சதைக்கால்களை எண்ணுங்கள்: ஐந்து ஜோடி அல்லது குறைவு என்றால் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனம், ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ரம்ப ஈ. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவதே வழி. புதர் சின்னது என்பதால் ஐந்து நிமிட வேலை. இலை போனாலும் முடிச்சு நன்றாக இருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

#17 மாடித்தொட்டி

இலை மேல் மாவு தூவினது மாதிரி இருந்தால்?

#18 பூதக்கண்ணாடி

மேல்பக்கம் மாவு என்றால் சாம்பல் நோய். கோடை முடிவில், வேர் காய்ந்து காற்றும் ஓடாத இடத்தில் வரும். வெட்டிவிட்டுத் தண்ணீரைச் சீராக்கினால் தீரும்.

ஆனால் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கத்தில் நரம்புக்கு நடுவே கோணக் கோணலாக மஞ்சள் அல்லது ஊதாத் திட்டு, அதன் நேர் கீழே வெள்ளைப் பூஞ்சை என்றால் அது அடிச்சாம்பல் நோய், பெரோனோஸ்போரா அக்விலீஜியிகோலா. பிரிட்டனில் 2013-இல் தலைகாட்டிய பிறகு தோட்டத் தொகுப்புகளையே காலி செய்த நோய். இலை சுருளும், தண்டு நிறம் மாறும், மொட்டு கருகும். வீட்டுத் தோட்டத்துக்கு இதற்குச் சரியான மருந்து இல்லை. செடியை வேரோடு எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். விதைக்காக விட்டுவைக்கக் கூடாது. கிருமியின் வித்து மண்ணிலும் கிடக்கும் என்பதால் அங்கே குறைந்தது ஒரு வருடம் கொலம்பைன் வேண்டாம். கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

#19 புதுநாற்று

பழைய புதரைப் பிரித்துப் பெருக்க முடியுமா? மற்ற பல்லாண்டுச் செடிகளை அப்படித்தானே செய்கிறோம்.

#20 ஆணிவேர்

முயலலாம், ஆனால் நான் செய்யச் சொல்ல மாட்டேன். அடியில் ஒரு தடித்த ஆணிவேர், மேலே பல குருத்து. கத்தி வைத்தால் வேர் உள்ள துண்டுக்குக் குருத்து இருக்காது, குருத்து உள்ள துண்டுக்கு வேர் இருக்காது. கட்டாயம் என்றால் இரண்டு வருடத்துக்கு மேற்படாத செடியை, துளிர் பட்டாணி அளவு இருக்கும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குருத்தும் நல்ல வேரும் வருமாறு வெட்டுங்கள். பாதி போகும் என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள்.

இந்தச் செடியின் ஆயுளே 3 முதல் 5 வருடம். நான்காம் வருடம் முடிச்சு மரம்போலத் தடித்து, நடுவே பொந்து விழுந்து, பூ ஓரத்தில் மட்டும் வரும். அந்த நிலைக்கு வந்ததைக் காப்பாற்ற அலைவதைவிட, இரண்டாம் வருடமே விதையெடுத்து அடுத்த தலைமுறையைத் தயார் செய்வது நல்லது.

#21 கூழாங்கல்

விதையெடுப்பதில்தான் குட்டைத்தனம் காணாமல் போகிறது என்பதையும் சேர்க்க வேண்டும்.

கொலம்பைன் இனங்கள் ஒன்றோடொன்று கூச்சமில்லாமல் கலக்கும். பக்கத்தில் நெட்டையான சாதாரணக் கொலம்பைன் (வல்காரிஸ் இனம்) இருந்தால் உங்கள் குட்டைச் செடியின் விதையில் அதன் மகரந்தமும் சேரும். எஃப்-1 ரகத்தின் விதை என்றால் கலப்பே இல்லாவிட்டாலும் அடுத்த தலைமுறை உயரத்திலும் நிறத்திலும் சிதறும். 'செடி இரண்டாம் வருடம் நெட்டையாகிவிட்டது' என்ற புகாரில் ஒரு பங்கு இதுதான்: பழைய செடி போய்விட்டது, அதே இடத்தில் உதிர்ந்து முளைத்த பிள்ளை நிற்கிறது, தோட்டக்காரருக்கு ஆள் மாறியது தெரியவில்லை.

பியூமிலாவைப் பொறுத்தவரை இலையே சாட்சி. தடித்த, வட்டமான மடல், நீலம் பூத்த பச்சை, மேலே மெழுகு. தண்ணீர் ஊற்றினால் சேம்பிலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக உருளும். காம்பு நீண்டு, மடல் மெல்லியதாக இருக்கும் நாற்று கலப்பு. அதை இளசிலேயே பிடுங்கிவிடுங்கள். ஆணிவேர் இறங்கிவிட்டால் பாதி வேர் உள்ளேயே நின்று மறுபடி துளிர்க்கும்.

#22 மாடித்தொட்டி

விதை வேண்டாம் என்கிறவர்கள் வாடின பூவைக் கிள்ளினால் போதும்தானே?

#23 கூழாங்கல்

ஆமாம். பூவை மட்டுமல்ல, தண்டை அடுத்த கிளைவரை வெட்டுங்கள். பக்க மொட்டுகள் விரிந்து சில வாரம் கூடுதலாகப் பூக்கும், செடியும் விதைக்குச் செலவழிக்காமல் முடிச்சைத் தேற்றிக்கொள்ளும்.

#24 விதைப்பேழை

விதை வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள்.

பூ தலைகுனிந்து நின்றாலும் காய் நிமிர்ந்துவிடும். சின்னச் சின்னக் குழாய் ஐந்து, அடியில் ஒட்டி மேலே விரிந்து நிற்கும். பச்சை பழுப்பாகி, ஒரு குழாயின் உள்விளிம்பு மேலிருந்து பிளக்கத் தொடங்கியதும் தண்டோடு வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகப் போடுங்கள். காயைச் சுண்டினால் கலகலவென்று சத்தம் வரும் பக்குவம். இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் காற்றாடும்போதே உதிர்ந்துவிடும். நல்ல விதை கறுப்பு, கண்ணாடிப் பளபளப்பு. பழுப்பாக மங்கலாக இருப்பவை பிஞ்சு, அவற்றை ஊதித் தள்ளுங்கள். ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். புதுவிதை நன்றாக முளைக்கும். முடிந்தால் அந்தப் பருவத்திலேயே விதைத்துவிடுங்கள். விதையிலும் வேரிலும் நச்சு உண்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ரகம் சுத்தமாக வேண்டுமென்றால் பூவுக்குப் பை கட்டணும். மெல்லிய வலைப்பை போதும். பூவுக்குள் மகரந்தம் முதலில் உதிரும், சூல்முடி அதன் பிறகு நீண்டு வெளியே வரும். அதனால் அன்று விரிந்த பூவிலிருந்து மெல்லிய தூரிகையால் மகரந்தம் எடுத்து, மூன்று நாலு நாள் மூத்த பூவின் நடுவே தடவுங்கள். ஒரே ரகத்தின் இரண்டு செடிகளுக்கு இடையே மாற்றித் தடவினால் விதை கூடுதலாகப் பிடிக்கும். காய் பச்சையாகப் பருத்ததும் பையை எடுத்துவிடலாம், நூல் கட்டி அடையாளம் மட்டும் வையுங்கள்.

#25 புதுநாற்று

பையை எந்த நிலையில் கட்டுவது? பூ விரிந்ததும் கட்டினால் போதுமா?

#26 விதைப்பேழை

போதாது. மொட்டு நிறம் பிடித்து, வால் நீண்டு, இதழ் இன்னும் மூடியிருக்கும்போதே கட்டிவிடுங்கள். விரிந்த பிறகு கட்டினால் தேனீ உங்களுக்கு முன்னே வந்து போயிருக்கும். பையின் வாயைத் தண்டோடு சேர்த்துக் கட்டும் இடத்தில் ஒரு சுற்றுப் பஞ்சு வையுங்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் எறும்பு அசுவினியைக் கொண்டுவந்து உள்ளே விடும்.